நூல் முனையைப் பார்த்துக்கோ, அம்முணி

சேவூர்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள அம்முணிக்கு,

அம்மிச்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் எருமையும் சௌக்கியம். நேற்று ராத்திரி போனில் நீ பேசினதில் பாதி எனக்குக் காதில் ஏறவில்லை. பின்னால் ஒரு சத்தம் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. "அதாரு கண்ணு?" என்றேன். "மழைக்கு ஒரு ஒறம்பரை வந்திருக்கு அம்மிச்சி" என்றாய். ஒறம்பரை என்றதும், காப்பி போட்டுக் கொடுத்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் படம் வந்தது. உன் அயர்ன் பண்ணின சுடிதார் மேல் சுருண்டு படுத்திருக்கிறது, நனைந்த பஞ்சுப் பொதி மாதிரி ஒரு பூனைக்குட்டி. பேர்கூட வைத்துவிட்டாயாம், பாபின் என்று. பேர் வைத்த பிறகு என்னிடம் யோசனை கேட்கிறாயே, அதுதான் உன் அம்மா வழி. அவளும் இப்படித்தான், முடிவெடுத்துவிட்டு உத்தரவு கேட்பாள்.

விடியும்வரை எனக்குத் தூக்கமில்லை. பயப்படாதே, வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எனக்கும் ஒரு பூனை இருந்தது. அதைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதல் சங்கதி. நீ போனில் ‘அவன், அவன்’ என்றாய். படத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். கருப்பு, செம்பட்டை, வெள்ளை மூன்றும் இருக்கிறது. அப்படியென்றால் அது பொட்டைதான், கண்ணு. நான் பார்த்த மூன்று நிறப் பூனை எல்லாம் பொட்டை. எருமைக்கு ஊசி போட வரும் டாக்டரிடம் ஒரு தடவை காரணம் கேட்டேன். செம்பட்டையா கருப்பா என்று தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். இரண்டு நிறமும் ஒரே உடம்பில் தெரிய வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ் வேண்டும், அது பெண்ணுக்குத்தான் உண்டு, கடுவன் அமைவது மிக அபூர்வம் என்றார். பிளஸ் டூவில் உயிரியல் படித்தது நீ, எனக்குப் பாடம் சொன்னது மாட்டு டாக்டர். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

இரண்டாவது, அது யாருடைய பூனை என்று விசாரித்தாயா? உங்கள் தெருவில் முழுக்க லைன் வீடுகள். ஒரு கம்பெனி மூடினால் பத்துக் குடும்பம் சாமான் ஏற்றும். சட்டி பானை, குழந்தைகள் எல்லாம் வண்டியில் ஏறும், பூனை மட்டும் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி விட்டுப்போனதாகவும் இருக்கலாம், வழி தவறி வந்ததாகவும் இருக்கலாம், ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டும் இருக்கலாம். காதின் நுனி வெட்டியிருக்கிறதா என்று பார். வெட்டியிருந்தால் யாரோ கருத்தடை பண்ணிவிட்ட பூனை. இல்லாவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் உன் நம்பரை எழுதி, கழுத்தில் தளர்வாக, இழுத்தால் அறுந்துபோகிற மாதிரி ஒட்டிவிடு. பக்கத்து ஒடிசாப் பிள்ளைகளையும் கேள். மேலே கீழே நாலு வீட்டில் கேள். ஒரு வாரம் பார்த்து யாரும் வரவில்லை என்றால் அது உன்னுடையது.

வீட்டுக்கார அக்காவிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. அவராகப் பார்த்துக் கேட்கிற வரைக்கும் இருக்காதே. "அக்கா, மழைக்கு வந்துருச்சுங்க, நானே கூட்டி மொழுகிச் சுத்தமா வெச்சுக்கறேனுங்க" என்று சொன்னால் யாருக்கும் மனசு இளகும். சகுனம் என்று அவர் முகம் சுளித்தால் வாதம் பண்ணாதே. மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை அவருக்கும் தெரியும், நீ எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மாடிப்படியில் எச்சில் தட்டு கிடக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிச் சகுனம் சரியாகிவிடும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பால் ஊற்றினேன் என்றாய். ஊற்றாதே. நம் ஊர்க் கோயிலில் கம்பராமாயணம் சொல்ல வந்தவர், பாற்கடலை நக்கியே குடித்துவிட வந்த பூனை மாதிரி ராமகதை சொல்ல வந்தேன் என்று கம்பரே அவையடக்கம் சொல்லியிருக்கிறார் என்றார். கம்பர் காலத்திலிருந்து நாம் பூனைக்குப் பாலையே காட்டிக்கொண்டிருக்கிறோம். ஆசையாய்க் குடிக்கும், உண்மைதான். ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றாலே போகும். தயிர்சோறும் அப்படித்தான், வயிறு ரொம்பும், உடம்பு ரொம்பாது. பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து வேண்டும். அதன் உடம்பு அதைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். வருஷக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் வீங்கிவிடும். நம் ஊரில் சோறும் மோரும் தின்று வளர்ந்த பூனைகள் பிழைத்தது நம் சோற்றாலே இல்லை, எலியாலே.

இது புரட்டாசி. நீ வாயைக் கட்டியிருப்பாய். விரதம் உனக்கு, அதற்கில்லை. கோழிக்கடைக்குப் போக மனசு ஒப்பாவிட்டால் இந்த மாசத்துக்குப் பூனைத் தீனிப் பாக்கெட் வாங்கு, அதில் அந்தச் சத்தைச் சேர்த்தே செய்கிறார்கள். அப்புறம் எலும்பில்லாத கறியை, உப்பு, காரம், மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணியையும் சேர்த்துக் கொடு, சத்துப் பாதி அதில் இறங்கியிருக்கும். கோழி இதயம் கிடைத்தால் ரொம்ப நல்லது. வெங்காயமும் பூண்டும் ஆகவே ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். உன் குழம்புச் சோற்றைப் பிசைந்து வைக்காதே. காலையில் ஒன்றரை ஷிப்டுக்குக் கிளம்புகிறவள், போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, நேரம் தவறாமல் வை. தண்ணியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வை. பூனைக்கு அதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

நகம் கீறியதா என்று கேட்டதற்கு, "சும்மா லேசா" என்று இழுத்தாய். எனக்கு அந்த ‘லேசா’தான் நெஞ்சைப் பிசைகிறது. எங்கள் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அதற்குப் பயந்தே சொல்லாமல் மறைத்த பிள்ளைகள் உண்டு. அதற்கும் முந்தின தலைமுறைக்கு ஊசிக்கே வழியில்லை, வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் நம் பக்கத்து ஜனங்கள் மலையேறிப் பிழைத்தார்கள். இப்போது அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கையிலேயே போடுகிறார்கள், இலவசம், முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நம் நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது என்றாலும் பூனைக்கும் அது வரும், பூனையும் கொடுக்கும். வந்துவிட்டால் மருந்தில்லை. அதனால் கீறின இடத்தை ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பாதே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் போகலாம் என்றுகூட இருக்காதே, வந்து மிச்சத்தைப் படி.

போய் வந்துவிட்டாயா? சரி. குட்டிக்கும் ஊசி உண்டு. மூன்று மாசம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம். பூனைகளைக் கொத்துக் கொத்தாய் அள்ளிக்கொண்டு போகிற குடல் காய்ச்சல் ஒன்று இருக்கிறது, அதற்கும் தனியாகப் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள், அதையொட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவதுண்டு, விசாரி. குடற்புழு மருந்தும் கேள். உன் கையில் வட்டமாய்ப் படர்தாமரை மாதிரி எழும்பினால் அதுவும் குட்டியிடமிருந்து வந்திருக்கலாம், வெட்கப்படாமல் காட்டு. ஒன்று மட்டும் எழுதி அடுப்படியில் ஒட்டி வை: குட்டிக்குச் சுடுகிறது என்று நீ போடுகிற காய்ச்சல் மாத்திரையில் துணுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். பாச்சை உருண்டையும் பினாயிலும் அப்படியே. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தும் வேண்டாம்.

இப்போது அந்தப் பொட்டை சங்கதிக்கு வருகிறேன். படத்தில் பார்த்தால் நாலு மாசம் இருக்கும். நாலு ஐந்து மாசத்திலேயே பூனை சினை பிடித்துவிடும், கண்ணு. இரண்டே மாசத்தில் போடும், ஒரு ஈற்றுக்கு நாலு குட்டி, வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. அத்தனையையும் உன் ஒற்றை அறையில் வைப்பாயா? அட்டைப்பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் விட்டுவருவாய், எல்லோரும் செய்வது அதுதான். விட்டதில் எத்தனை பிழைக்கும் என்று விட்டவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பாவம், இந்தப் பிஞ்சை அறுப்பதா என்று உனக்குத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. இப்போது என் முடிவு இதுதான்: கருத்தடை செய்யாமல் பூனை வளர்ப்பது பாதி வளர்ப்பு. டாக்டரிடம் எடையைக் காட்டி நாள் குறித்துவிடு. தையல் ஆறுகிற பத்து நாளும் வெளியே விடாதே. திருப்பூரில் நாள் கிடைக்காவிட்டால், நம் மாவட்டத்துக்குள்ளேயே உடுமலைப்பேட்டையில் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ராத்திரி உள்ளேயே படுக்க வை. நீ ஞாயிற்றுக்கிழமை ஆனால் நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவள். சாயத்தண்ணி ஊர் என்று பேர் வாங்கின ஊரில் ஒரு குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது என்று எவ்வளவு சந்தோஷமாய்ச் சொன்னாய். உன் பாபினுக்கு எந்தப் பட்டியலும் தெரியாது. வெளியே விட்ட பூனை வயிறு ரொம்பினாலும் குருவி பிடிக்கும், அது அதன் பிறவி. பிடிக்க வழியில்லாமல் வைப்பது உன் பொறுப்பு. உனக்குப் பறவையும் வேண்டும், பூனையும் வேண்டும் என்றால் சாயங்காலம் கதவைச் சாத்திப் பழகு.

அடுத்து உன் ஸ்கூட்டி. மழைநாளில் பூனை சூடான இடமாய்ப் பார்த்து ஒண்டும், வண்டிக்கடியில் நுழைந்துகொள்ளும். கிளப்புமுன் சீட்டை இரண்டு தட்டுத் தட்டு. வாஷிங் மிஷினில் துணி போட்டால் கையை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவு, அப்புறம் மூடு.

இனி என் பூனையைச் சொல்கிறேன்.

1987. திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். உன் அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் ஒரு கம்பெனியில் செக்கிங். பகலில் அங்கே வேலை, பொழுதோட வந்தால் வீட்டில் பண்டல் பிரித்துப் பிசிர் வெட்டுவேன், பீஸுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை கணக்கு. ஒரு வெள்ளைப் பூனை தானாக வந்து சேர்ந்தது. பேர்கூட வைக்கவில்லை, பூனை என்றுதான் கூப்பிடுவோம். நான் கால் நீட்டி உட்கார்ந்து பிசிர் வெட்டினால் மடியோரம் வந்து விழுகிற நூலோடு விளையாடும். உன் அம்மா கைதட்டிச் சிரிப்பாள். எனக்கும் அலுப்புத் தெரியாது. விளையாட்டென்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் பின்பக்கம் ஒரு நூல் முனை வெளியே தொங்கியது. அட, இதுதானா என்று நான் பிடித்து இழுத்தேன். அது போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மறுநாள் வெடியால செத்துக் கிடந்தது.

வெகு காலம் கழித்துத்தான் காரணம் தெரிந்துகொண்டேன். பூனையின் நாக்கில் சின்னச் சின்ன முள் இருக்கும், எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. அதில் நூல் மாட்டினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, நூல் நகராமல் குடல்தான் சுருங்கும், நாடா கோத்து இழுத்த உள்பாவாடை மாதிரி. அப்படிச் சுருங்கின குடலை நூல் அறுத்துவிடும். நான் இழுத்தது அந்த நாடாவைத்தான். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் கை என்னுடையது.

அதனால்தான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. நீ மெர்ச்சண்டைசர். சாம்பிள் பீஸ், கோன், லேபிள், எலாஸ்டிக் துண்டு எல்லாம் பையோடு வீட்டுக்கு வருகிறது. உன் சுடிதார் ஓரத்திலேயே இரண்டு ஓவர்லாக் நூல் ஒட்டிக்கொண்டு வரும், இந்த ஊரில் ஒட்டாத ஆளே இல்லை. பிசிர் ஒட்டின துணியோடு படி ஏறுகிற வீட்டில்தான் அந்தக் குட்டி வளரப் போகிறது, பேரும் பாபின்.

உன் கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மிஷினை நிறுத்தி, உடைந்த துண்டெல்லாம் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று கையெழுத்தான பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு முனை காணோம் என்றால் அந்தப் பண்டல் முழுக்க டிடெக்டரில் போய் வர வேண்டும். எங்கேயோ கண்காணாத தேசத்தில் ஒரு குழந்தை போட்டுக்கொள்கிற சட்டையில் அந்த முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக அத்தனை பாடு. அதே கண்ணை வீட்டுக்கும் கொண்டுவா. வந்ததும் வாசலிலேயே துணியை உதறு, நூலைக் கையில் சுருட்டி மூடி போட்ட டப்பாவில் போடு. படுக்குமுன் விளக்குமாற்றால் ஒரு தரம் கட்டிலடியைக் கூட்டு. பட்டன் தைத்தால் ஊசியில் நூலைக் கோத்தபடி விடாதே. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம். எப்போதாவது நூல் முனை வாயிலோ பின்பக்கமோ தெரிந்தால், இழுக்காதே. வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு. அறுவை செய்து காப்பாற்றுவார்கள், நேரம் கடத்தினால்தான் கஷ்டம்.

இன்னும் ஒன்று. வீட்டுக்குள் நல்லபடியாக வளர்கிற பூனை பதினைந்து வருஷம்கூட இருக்கும். உனக்கு இப்போது இருபத்திமூன்று. அது கிழவியாகும்போது உனக்கு முப்பத்தெட்டு. நடுவில் வேலை மாறுவாய், ஊர் மாறுவாய், கல்யாணம் ஆகும். பார்க்க வருகிற மாப்பிள்ளையிடம், ‘எனக்கொரு மகள் இருக்கிறாள்’ என்று முதலிலேயே சொல்லிவிடு, முகம் போகிற போக்கில் ஆளும் தெரிந்துவிடும்.

அதற்கெல்லாம் முன்னால் தீபாவளி வருகிறது. போனஸ் போட்ட அன்றைக்கே திருப்பூர் காலியாகிவிடும். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது, லைன் வீடுகளில் வரிசையாய்ப் பூட்டுத் தொங்கும். ஒரு வாரம் தெருவில் சோறு போட ஆளில்லை, பட்டாசுச் சத்தம் வேறே. தெருப் பூனைகளும் நாய்களும் அந்த வாரம் படுகிற பாட்டை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ‘ஒரு வாரம்தானே, தீனியைக் கொட்டிவிட்டுப் போகலாம்’ என்று உனக்கு யாராவது சொல்வார்கள். கேட்காதே. 2004இல் சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு புதைகுழியைப் பற்றி எழுதினார்கள், ஒரு மனுஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்களாம். அந்தத் தீவில் இயற்கையாய்ப் பூனையே கிடையாது, கடல் தாண்டிப் படகில்தான் போயிருக்க வேண்டும். தானியத்தைத் தின்ன வந்த எலியைத் தேடித் தானாக வந்து ஒட்டிக்கொண்டதுதான் பூனை, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஆனால் படகு ஏறும்போது ஒருவன் அதையும் ஏற்றியிருக்கிறான். உனக்குக் கடல் இல்லை, அவிநாசி மாறி சேவூர் பஸ் ஏறினால் முடிந்தது.

கோன் வருகிற அட்டைப்பெட்டி ஒன்று எடுத்து, பக்கத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பனியன் துணி விரித்து, பிசிர் இல்லாமல் மடித்து விரித்து, கொண்டுவா. பொடக்காணிக் கதவுக்குக் கீழே இருந்த சந்தை நேற்றே அடைத்துவிட்டேன். தையல் மிஷினையும் நூல் டப்பாவையும் அட்டாலியில் ஏற்றியாயிற்று.

உன் அம்மிச்சி